கண்ணாடி அறைச் சர்க்கரை

கூட்டு மன்றம் கூடுகிற அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் சர்க்கரை. பட்டப்பெயரை வைத்தவர் கேன்டீன்காரர். "நான் டீயில போடறதைவிட அந்த அக்கா பேச்சுல போடறது ஜாஸ்தி" என்று ஒருநாள் யாரிடமோ சொன்னார். அது கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவள் காதுக்கும் வந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் அவள் தொழிலுக்கு ஆகாது.

தொழில் என்றால் மொழிபெயர்ப்பு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் செய்கிற மொழிபெயர்ப்பு இல்லை. ஒருவர் பேசப் பேசக் காதில் வாங்கி, வாங்கிய மூச்சிலேயே வேறு மொழியில் திருப்பிச் சொல்கிற வேலை. யோசிக்க நேரம் கிடையாது, இருமக்கூட நேரம் கிடையாது. மன்ற மண்டபத்தின் பின்சுவரில் குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மைக், ஒரு ஹெட்போன், பிளாஸ்கில் வெந்நீர், வீட்டிலிருந்து அவளே கொண்டுவந்து போட்ட ஒரு மெத்தைத் துண்டு. அதில்தான் அவள் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது.

அந்த மன்றம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆறு மூன்று நாடுகள் வழியாக ஓடியது. மேட்டு நாட்டில் அணை. நடு நாட்டில் வயல், ஆலை, சந்தை. கடைமடை நாட்டில் மிச்சமீதித் தண்ணீரும் கடலும் மீனும். மேலே ஒருவன் மதகைத் தூக்கினால் கீழே ஒருவன் வீட்டுக்குள் தண்ணீர். நடுவில் ஒருவன் சாயத்தைக் கொட்டினால் கீழே மீன் செத்து மிதக்கும். கீழே ஒருவன் குஞ்சுமீனை வாரினால் மேலே இருப்பவன் வலையில் ஒன்றும் ஏறாது. தனித்தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்துச் சலித்த பிறகு மூன்று நாடுகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தன. தண்ணீர்ப் பங்கு, மீன்பிடித் தடை, சந்தை வரி, ஆலைக் கழிவு, கரை அரித்து வீடு போனவர்களுக்கு மாற்று வீடு என்று எதுவானாலும் மூவரும் தலையாட்டினால்தான் நடக்கும். நடு நாட்டுக்கும் கடைமடை நாட்டுக்கும் மொழி ஒன்றுதான், இழுவையில் மட்டும் வித்தியாசம். மேட்டு நாட்டு மொழி வேறு. மேட்டுக்காரர்கள் பேசுவதெல்லாம் மற்ற இருவருக்கும் அக்காவின் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். மறுபக்கத்துப் பேச்சைக் கொண்டுபோக இன்னொருவர் இருந்தார். அவர் கதை இங்கே வேண்டாம்.

அக்கா கடைமடை நாட்டுக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும்போல வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறவளாகத்தான் இருந்தாள். அப்போது மேட்டு நாட்டுத் தலைவர் ஒரு பெரிய மீசைக்காரர். பேசினால் ஜன்னல் அதிரும். மீன் தடையைப் பற்றிப் பேசும்போது அவர் கடைமடைத் தலைவரைப் பார்த்து, "பிச்சை வாங்குற கைக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்டார். அக்கா அதை ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே சொன்னாள். கடைமடைத் தலைவர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். மன்றம் முடங்கியது. அந்தப் பருவத்தில் தடை இல்லை. மூன்று நாட்டுப் படகுகளும் முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டன. வலைகளை அறுத்தார்கள், படகுகளைக் கொளுத்தினார்கள். இரண்டு கையும் வெந்துபோன ஒரு மீனவர் மன்றத்தின் வாசலில் வந்து நின்றார். அவர் கையைப் பார்த்த பிறகு அக்காவுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் பேச்சுக்கு உப்புத்தாள் போட ஆரம்பித்தாள். "இந்தத் திருட்டுப்பயலுங்க குஞ்சுமீனை வாரிட்டு நம்ம தலையில மிளகாய் அரைக்கிறானுங்க" என்று மீசைக்காரர் கத்துவார். ஹெட்போனில் மற்றவர்களுக்கு, "குஞ்சுமீன் பிடிக்கப்படுவது குறித்து எங்கள் தரப்பில் சில ஐயங்கள் உள்ளன" என்று தேன் ஒழுகும். மழைக்காலம் வந்தால் அணைப் பராமரிப்புக்குப் பங்கு கேட்டு, "அணை உடைஞ்சா உங்க நாடு மேப்புலயே இருக்காது, ஞாபகம் வச்சுக்க" என்று மேஜையைக் குத்துவார். "பராமரிப்புச் செலவை விரைந்து பகிர்ந்துகொள்வது மூவருக்கும் நல்லது" என்று அக்கா சொல்வாள். ஒவ்வொரு மழைக்கும் அணை உடையும் என்றார். ஒவ்வொரு மழைக்கும் அணை நின்றது. அவள் கழித்துச் சொன்னது எத்தனை சரி என்று அவளுக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது.

இதைப் பொய் என்று சொல்ல வருகிற யோக்கியர்கள் முதலில் அந்த மீனவரின் கையைப் பார்த்துவிட்டு வரட்டும். மூன்று நாட்டிலும் எத்தனையோ அடுப்பு எரிந்தது அவள் மழுப்பலால்தான். மன்றத்தில் யாருக்கும் இது ரகசியமும் இல்லை. மீசைக்காரருக்கே தெரியும். ஆத்திரம் தீரக் கத்திவிட்டுப் பின்சுவர்ப் பக்கம் திரும்பி, கழுவிக் கொடு தாயே என்பதுபோல் தலையை லேசாக ஆட்டுவார். தெரிந்ததனால்தான் இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கத்தினார். கடைமடைத் தலைவரும் அவர் கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஹெட்போனில் என்ன வருகிறதோ அதற்குத்தான் பதில். இடைவேளையில் இருவரும் ஒரே ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிப்பார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓட, அக்காவுக்கு ஒரு பழக்கம் படிந்தது. ஆபத்தை அவள் சத்தத்தை வைத்து அளந்தாள். உரக்கக் கத்தினால் பாதியைத் தள்ளு. சாதாரணமாகப் பேசினால் அதில் ஒன்றும் இல்லை, மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போ. மன்றத்தில் இருந்த எல்லோரும் அப்படித்தான் அளந்தார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த விதி இல்லை அது. செருப்புத் தேய்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனது.

வீட்டிலும் அவள் அதே ஆள்தான். மன்றத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு கட்டில். தொண்டைக்கு ஆகாது என்று குளிர்ந்தது எதையும் தொடமாட்டாள். காய்கறிக்காரர் எடையில் ஏமாற்றினால்கூட, "கொஞ்சம் கவனிச்சுப் போடுங்க, தயவுசெஞ்சு" என்பாள். கல்யாணம் கூடி வந்த நேரத்தில் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி அப்போது பால்பல்கூட விழாத பிள்ளை. அவனைப் படிக்க வைத்தாள், தொழில் பழக விட்டாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். அவளுக்கென்று அவள் செய்துகொண்டது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி ஊரில் மோட்டார், பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பழைய வீட்டை ஆறு கொண்டுபோன பிறகு, மன்றம் கட்டிக்கொடுத்த புதுக்குடியிருப்பில் அவனுக்கு ஒரு வீடு கிடைத்தது. அந்த முடிவு எடுத்த நாளன்றும் கண்ணாடி அறையில் அக்காதான். மீசைக்காரர் அன்றைக்கும் குதித்தார்: "ஆறு புரண்டு படுக்கிற இடத்துல ஆளைக் குடிவைக்கிறீங்களே, மூளை இருக்கா உங்களுக்கு?" அக்கா, "நிலத்தின் மட்டத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று யோசனை கூறுகிறார்" என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்க்கவில்லை. வீடுகள் எழும்பின. சொந்த வீட்டுக்கு அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சாவி வாங்கியவன் தம்பி. புதுவீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு அக்கா நின்றிருந்த போட்டோ ஒன்று அவன் கடையில் மாட்டியிருந்தது.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வெள்ள எச்சரிக்கையை மூன்று நாடுகளும் தனித்தனியாகச் சொல்லும். ஒன்று ஓடு என்னும், ஒன்று உட்கார் என்னும். பொய்யான ஒரு எச்சரிக்கைக்குப் பயந்து ஓடியதில் பாலத்தில் நெரிசலாகிச் சிலர் செத்தார்கள். சந்தை படுத்தது. ஆகவே மன்றம் ஒரு பொதுக்கொள்கை வகுத்தது: எச்சரிக்கை எதுவானாலும் மன்றத்தில் சொல்லி, மன்றத்தின் வழியாக மட்டுமே போக வேண்டும். மன்றம் கூடும்போது நடக்கிற பேச்சு கரையோர வானொலியில் அப்படியே ஒலிபரப்பாகும். குடியிருப்புகளில் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதன் பலன், ஆற்றங்கரை முழுவதற்கும் மேலே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு குரல்தான் மிஞ்சியது. அது அக்காவின் குரல்.

மீசைக்காரர் ஓய்வுபெற்றுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஒரு எஞ்சினியர். ஒல்லி, கண்ணாடி, கசங்கிய சட்டை. ஆயுள் முழுக்க அணையிலேயே கிடந்த மனிதர். பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்டால் அதிகம். முதல் கூட்டத்தில் அவர் பேசி முடித்தபோது பாதிப் பேர் அவர் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன்காரர், "இவருக்குச் சர்க்கரையே வேணாம், அக்காவுக்கு இனிமே ரெஸ்ட்" என்றார். அக்காவும் சிரித்தாள்.

அந்த வருஷம் மழை ஒரு வாரமாக விடவில்லை. மன்றம் கூடிய நாள் காலையில் கட்டடத்தின் படிக்கட்டெல்லாம் ஈரச் செருப்புத் தடம். எல்லோர் கையிலும் குடை, எல்லோர் வாயிலும் கருவாட்டு வரி. அன்றைக்கு விவாதத்துக்கு வந்திருந்த பெரிய விஷயம் அதுதான். வரியைக் கூட்டக் கூடாது என்று கடைமடைக்காரர்களும் கூட்டியே தீர வேண்டும் என்று மேட்டுக்காரர்களும் கச்சைகட்டி நின்றார்கள். அதற்கு முன்னால் எஞ்சினியர் எழுந்தார். மன்றத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை, அவர் நின்றார். அக்கா அதைக் கவனித்தாள். புதியவர், வழக்கம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் தன் மொழியில், எப்போதும்போல அடங்கிய குரலில் சொன்னது இதுதான்: "அணையோட இடது தோள்ல கசிவு இருக்கு. நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னிக்குக் காலையில கலங்கி வருது. கலங்கி வந்தா என்னன்னு ஆத்தோட இருக்கற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாழ்வான கரையில இருக்கற ஆளுங்களை இப்பவே எடுத்துடுங்க. மதகைத் திறந்தாலும் உங்களுக்குத் தண்ணி வரும். திறக்கலைன்னா அதைவிட மோசமா வரும்."

அக்காவின் வாய் தானாக வேலை செய்தது. "தொடர் மழையின் காரணமாக அணையின் இடதுபுறத்தில் சிறிதளவு கசிவு காணப்படுகிறது. நீரின் நிறத்தில் மாற்றம் தெரிவதால் கண்காணித்து வருகிறார்கள். வரத்து சற்று அதிகரிக்கக்கூடும். கரையோரக் குடியிருப்புகள் தொடர்பாக முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளைப் பரிசீலிக்குமாறு நட்புடன் கேட்டுக்கொள்கிறார்கள்."

நட்புடன் என்று அவர் சொல்லவில்லை. அது அவள் எப்போதும் கடைசியில் தூவுவது. கருவாட்டு வரிக்கு முன்னால் அணையைக் காட்டி மிரட்டுவது மேட்டுக்காரர்களின் பழைய வித்தை என்று அவளுக்கு மனப்பாடம்; இந்தப் புதிய மனிதர் அதைச் சத்தமில்லாமல் செய்கிறார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டாள். கலங்கி வருவது என்றால் அவளுக்கு அது நிறம். ஆற்றைப் பற்றிப் பேசியே வயதான அவள் அணையைக் கண்ணால் பார்த்ததில்லை.

கடைமடைத் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "குறித்துக்கொண்டோம்" என்றார். மன்றத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்: கிணற்றில் போட்டாயிற்று. நடு நாட்டுத் தலைவரும் குறித்துக்கொண்டார். எஞ்சினியர் நின்றபடியே மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். எஞ்சினியர் மெல்ல உட்கார்ந்தார். அடுத்து கருவாட்டு வரி வந்தது. அதற்குப் பிறகு மண்டபம் இரண்டுபட்டது. அவ்வளவு கூச்சலையும் அக்கா வரிவரியாக வழித்துத் துடைத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் செய்தாள்.

இடைவேளை விட்டதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். எஞ்சினியர். அந்த அறைக்குள் எந்த நாட்டுத் தலைவரும் அதுவரை வந்ததில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார், அவர் மொழியில். "உங்க ஆளுங்களைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு. எங்க ஊரா இருந்தா நான் பாதி சொல்றப்பவே எழுந்து ஓடியிருப்பாங்க. படகெல்லாம் முன்னாடியே தயார் பண்ணிட்டீங்களா?"

அக்கா பழக்கத்தில் புன்னகைத்தாள். "நிலைமை அவ்வளவு மோசமா சார்?"

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "கலங்கி வருதுன்னு சொன்னேனே அம்மா. அணையோட வயித்துக்குள்ள மண்ணு கரைஞ்சு வெளிய வருது. தெளிவா வந்தா அது கசிவு. கலங்கி வந்தா உள்ள ஓட்டை பெரிசாகிட்டே இருக்குன்னு அர்த்தம். நிக்கற வரைக்கும் நிக்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க." மேஜைமேல் இருந்த மைக்கைப் பார்த்தார். "நீங்க எப்படிச் சொன்னீங்க?"

அவள் சொன்னதை அவர் மொழியில் திருப்பிச் சொன்னாள். நிறத்தில் மாற்றம் என்ற இடத்திலேயே அவள் குரல் தேய்ந்தது. நட்புடன் என்று முடித்தபோது அவளுக்கே அந்த வார்த்தை அருவருப்பாக இருந்தது.

எஞ்சினியர் சுவரில் சாய்ந்துகொண்டார். "பழைய தலைவர் போறப்ப எனக்கு ஒண்ணுதான் சொன்னார். கண்ணாடி அறையில ஒரு அம்மா இருக்காங்க, என்ன வேணா பேசு, அவங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுவாங்கன்னு. கத்தணும்னு எனக்கு யாருமே சொல்லலையே அம்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவர் தன் நாட்டுக்குப் போன் போட ஓடினார். அக்கா தன் போனை எடுத்தாள். தம்பியின் எண் இரண்டு தரம் தப்பிப்போய், மூன்றாம் தரம் மணி அடித்தது.

"அக்கா! ஆயுசு நூறு உனக்கு. இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்றான் தம்பி. பின்னால் மழைச் சத்தமும் ஆட்கள் பேசுகிற சத்தமும்.

"எங்கடா இருக்க?"

"கடையிலதான். காலையில ஒரே கூத்து. யாரோ மேட்டு நாட்டுலேருந்து சொந்தக்காரன் போன் பண்ணி அணை போச்சுன்னு சொல்லிட்டானாம். தெருவே கிளம்பிடுச்சு. லாரி வச்சு பீரோ, கட்டிலெல்லாம் ஏத்திட்டாங்க. அப்பத்தான் ஒலிபெருக்கியில உன் குரல் வந்துச்சு. நான் பெஞ்சு மேல ஏறி நின்னு, கேட்டுக்குங்கடா, எங்க அக்கா சொல்றா, லேசான கசிவுதானாம், எவனோ கதை விடறான்னேன். எல்லாரும் இறக்கி வச்சிட்டாங்க. நாங்களும் எங்க பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பிட்டோம்."

"லாரியைக் கூப்பிடு."

"என்னக்கா?"

"லாரியைத் திரும்பக் கூப்பிடு. நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. அவங்க அப்படிச் சொல்லலை. இப்பவே கிளம்புங்கன்னு சொன்னாங்க. அணைக்குள்ள மண்ணு கரையுது. பாப்பாவைக் கூட்டிட்டு வா முதல்ல."



"அக்கா" என்றான், குரலே மாறிப்போய். "லாரியை அனுப்பிட்டேனே. நான்தான் காசைக் கொடுத்துப் போகச் சொன்னேன். பாலத்தைத் தாண்டியிருக்கும்."

"நடந்தே போங்க. மேட்டு ரோட்டுக்குப் போங்க."

"நான் சொன்னா யாரு கேப்பா? காலையில பயப்படாதீங்கன்னு கத்துன வாயே இதுதான். நீ ரேடியோவுல சொல்லு. உன் குரல்ல வந்தாத்தான் நம்புவாங்க. சீக்கிரம் சொல்லுக்கா. பாப்பாவைக் கூட்டிட்டு வர என் வீட்டுக்காரியை ஸ்கூலுக்கு அனுப்பறேன், நான் தெருவைப் பார்க்கறேன்."

"போனை வைக்காத" என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினாள். கட்டடத்தில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கடைமடைத் தலைவர் தாழ்வாரத்தில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் நாட்டு மீனவர்களுக்காக எத்தனையோ தடவை தொண்டை வறளப் பேசியவர். அவள் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிஸ்கட் டீக்குள் விழுந்தது. சட்டென்று அவளை ஒரு தூண் மறைவுக்குக் கூட்டிப்போனார்.

"மெதுவாப் பேசும்மா. யார்கிட்டயாவது சொன்னியா?"

"ரேடியோவுல உடனே சொல்லணும் சார்."

"சொல்லலாம், சொல்லலாம். ஆனா யோசிச்சுப் பாரு. மொழிபெயர்ப்பு தப்புன்னு நீயே ஒரு தடவை சொல்லிட்டா, அப்ப எதுதான் சரின்னு கேப்பாங்க. மீன் தடை, சந்தை வரி, தண்ணிப் பங்கு எல்லாமே உன் வாய் வழியா வந்ததுதானே? நாங்க அப்படிச் சொல்லவே இல்லைன்னு மேட்டுக்காரங்க ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டுடுவாங்க. திரும்பவும் படகு எரியும். உனக்குத் தெரியாததா?"

"அங்க ஆளுங்க இருக்காங்க சார். என் தம்பி இருக்கான்."

"எனக்கு மட்டும் ஆளுங்க இல்லையா? நான் நடு நாட்டுக்காரர்கிட்ட பேசறேன். மூணு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் கொடுத்துடுவோம். ஒருமனதா கொடுத்தாத்தான் செல்லும், விதி அப்படி. சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் விஷயமா எடுத்துக்கலாம். போ, போய்த் தண்ணி குடி." அவர் நடு நாட்டுத் தலைவரைத் தேடி விறுவிறுவென்று போனார். அவர் உண்மையிலேயே அவசரப்பட்டார், அதில் சந்தேகமில்லை. மூன்று பேரையும் ஒரு அறையில் சேர்ப்பதற்கு எவ்வளவு அவசரப்பட முடியுமோ அவ்வளவு.

அக்கா தண்ணீர் குடிக்கவில்லை. கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். அறையை ஒட்டி வெளியே மைக்செட்காரர் தன் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளோடு எத்தனையோ வருஷமாக வேலை பார்ப்பவர்.

"லைனைப் போடுங்க" என்றாள்.

"இன்னும் கூட்டம் கூடலையே அக்கா. கூடாம போட்டா என் வேலை போயிடும்."

"போடுங்க."

தயவுசெய்து என்ற வார்த்தை இல்லாமல் அவள் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். மைக்கின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். தம்பி எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற இரைச்சல் கேட்டது.

கத்த வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். மெத்தைத் துண்டில் உட்கார்ந்து, மைக் முகத்துக்கு நேரே வந்து, விளக்கும் எரிந்ததும் தொண்டை அதன் பழைய தடத்தில் போய் விழுந்தது. "அன்பார்ந்த கரையோர மக்களே" என்று தொடங்கியது அவள் வாய். அவள் அந்த வார்த்தையைச் சொல்ல நினைக்கவே இல்லை. எஞ்சினியர் சொன்னதை இப்போது ஒன்று விடாமல் சொன்னாள். காலையில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றாள். கசிவு கலங்கி வருகிறது, அணைக்குள் மண் கரைகிறது, எதையும் எடுக்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு ரோட்டுக்கு ஓடுங்கள் என்றாள். வார்த்தை எல்லாம் சரி. குரல்தான் குழைந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இதமாக இறங்கி, மெத்தென்று அமர்ந்தது.

போன் வழியாக அந்தக் குரல் அவளுக்கே திரும்பி வந்தது, ஒலிபெருக்கியிலிருந்து, கொஞ்சம் தாமதமாக.  அந்தக் குரலில் யாராவது ஓடச் சொன்னால் அவளேகூட ஓடமாட்டாள். எழுந்து நின்றாள். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, வாழ்நாளில் முதல்முறையாக, "ஓடுங்க!" என்று அலறினாள். மைக்செட்காரரின் பெட்டியில் ஒலியின் அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இத்தனை வருஷம் மீசைக்காரர் கத்தும்போதெல்லாம் செய்ததைப்போல, அவர் கை தானாகப் போய்க் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தது. குறைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் திரும்பக் கூட்டுவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது.

போனில் தம்பி தெருவில் நின்று, "கிளம்புங்க, கிளம்புங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமிருந்து ஏதோ ஒன்று, மழையைவிடக் கனமாக, விட்டுவிட்டு உறுமியது. பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் அவனிடம் சலித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது: "எதுக்குப்பா இந்தக் கத்து கத்துற? உங்க அக்கா எவ்வளவு பொறுமையா சொல்லுது பாரு. அடுப்புல இருக்கறதை இறக்கி வச்சிட்டு வரோம், போ."